எல் அலமைன்: நாம எந்தப் பக்கம் இருந்தோம்?

எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டாங்கியில் ஆரம்பித்தது. என் மகனுக்குப் பத்து வயது. ஹாஃப் டேர்ம் லீவில் ஒட்டி விளையாட ஒரு ஜெர்மன் டாங்கி மாடல் வாங்கிக் கொடுத்தோம். பசையும் பெயிண்டுமா சாப்பாட்டு மேசையே நாறிப் போச்சு. மூணாவது நாள் அட்டைப் பெட்டியில் இருந்த படத்தைக் காட்டிக் கேட்டான்: "அப்பா, ரோம்மல் நல்லவரா கெட்டவரா? யூடியூப்ல எல்லாரும் அவர் ஜீனியஸ்னு சொல்றாங்க." நான் பதில் சொல்றதுக்குள்ளே அடுத்தது வந்தது: "அந்தச் சண்டையில நாம எந்தப் பக்கம்?"

"நாம"ன்னா யாருடா? நான் பிறந்து வளர்ந்தது லண்டனில். என் தமிழ், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளித் தமிழ். என் அப்பா வேலூர்ப் பக்கம். பள்ளிக்கூடத்தில் இந்தச் சண்டையை ஒரு பத்தியில் படித்தேன். மான்ட்கோமரி தொப்பி போட்டிருந்தார், ரோம்மல் தோற்றார், அவ்வளவுதான். அந்தப் பத்தியில் நம்ம ஊர்க்காரர் யாரும் இல்லை. அதனால் அன்றைக்கு ராத்திரி, பிள்ளை தூங்கின பிறகு, நானே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். நம்ம வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒருநாள் இதைக் கேட்கத்தான் போகிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம். எல் அலமைன் அப்போது ஊர்கூட இல்லை, எகிப்தின் மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். அந்த இடத்தில் அப்படி என்ன விசேஷம்? வடக்கே கடல். தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி கத்தாரா பள்ளம் என்ற பிரமாண்டமான தாழ்நிலம். கடல் மட்டத்துக்குக் கீழே போகிறது, உப்புச் சேறும் புதைமணலும். டாங்கி இறங்கினால் அவ்வளவுதான். மற்றபடி அந்தப் பாலைவனத்தில் எங்கே சண்டை போட்டாலும் தெற்கே சுற்றிப் போய் எதிரியின் முதுகில் ஏறலாம். ரோம்மலின் பேரே அந்தச் சுற்றிப்போகும் வித்தையால் வந்ததுதான். அலமைனில் சுற்ற வழி இல்லை.

1942 ஜூன் 21 அன்று லிபியாவின் டோப்ருக் கோட்டை விழுந்தது. ஒரே நாளில் சுமார் 33,000 பேர் கைதிகள். சர்ச்சில் அப்போது வாஷிங்டனில் ரூஸ்வெல்ட்டோடு இருந்தார். சேதி கேட்டு நொறுங்கிப்போன அவரிடம், என்ன உதவி வேணும்னு ரூஸ்வெல்ட் கேட்டார். அப்படித்தான் 300 ஷெர்மன் டாங்கிகள் எகிப்துக்குக் கப்பல் ஏறின. ஜூலை 1 வாக்கில் கெய்ரோவில் பிரிட்டிஷ் அலுவலகங்கள் கோப்புகளைக் கட்டுக்கட்டாக எரித்தன. பாதி எரிந்த ரகசியக் காகிதங்கள் தெருவில் பறந்து, அதிலேயே கடலைப் பொட்டலம் மடித்து விற்றார்கள் என்று ஒரு கதை உண்டு. நம்ம ஊர் கடலைக்காரர் செய்யாததா என்ன.

அதே ஜூலை 1 அன்று நடந்த ஒன்றை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. டெய்ர் எல் ஷெயின் என்ற ஒரு பள்ளத்தில் 18-வது இந்தியக் காலாட்படை பிரிகேட் இருந்தது. சீக்கியர்கள், கூர்க்காக்கள், இங்கிலாந்தின் எசெக்ஸ் ரெஜிமெண்ட். அவசர அவசரமாக வந்து சேர்ந்தவர்கள். ஆப்பிரிக்கா கோர் எனப்படும் ஜெர்மன் படை அவர்கள் மேல் மோதியது. சாயங்காலத்துக்குள் அந்த பிரிகேட் இல்லாமலே போனது. ஆனால் ரோம்மலின் ஒரு முழு நாள் அங்கே போய்விட்டது. அவரிடம் இல்லாத ஒரே பொருள் நேரம்தான். அந்த மாசம் முழுக்க ஆக்கின்லெக் என்ற தளபதி அலமைன் கோட்டைப் பிடித்து நிறுத்தினார். ஆகஸ்டில் அவரைத் தூக்கிவிட்டு மான்ட்கோமரியைப் போட்டார்கள். புகழெல்லாம் இரண்டாமவருக்குப் போச்சு. ஆபீஸ் அரசியல் தெரிந்த யாருக்கும் இது புதுசில்லை.

இனி என் தொழில்புத்தியை அடக்க முடியாது, மன்னிக்கவும். இந்தச் சண்டையை வீரம் என்று பார்ப்பதைவிட சப்ளை என்று பார்த்தால்தான் எனக்குப் புரிந்தது. ரோம்மலுக்கு வரும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் இத்தாலியிலிருந்து கப்பலில் வரணும். ட்ரிப்போலி துறைமுகத்திலிருந்து அலமைன் 2,000 கிலோமீட்டருக்கு மேல். பெங்காசியிலிருந்து சுமார் 1,000. மிகக் கிட்டே இருந்த டோப்ருக்கே 500-க்கு மேல். பெட்ரோலைக் கொண்டு வரும் லாரியே அந்தப் பெட்ரோலில் பெரும் பங்கைக் குடித்துவிடும். பிரிட்டிஷாருக்கோ அலெக்சாண்ட்ரியா கூப்பிடு தூரம். ரோம்மல் ஜெயிக்க ஜெயிக்க அவர் சப்ளைக் கோடு நீண்டுகொண்டே போனது. யூடியூப் சொல்லும் ஜீனியஸ் இந்த ஒரு கணக்கைத் தள்ளித் தள்ளிப் போட்டார்.

அதோடு, ஜெர்மன் ரகசியச் செய்திகளை இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். எந்த எண்ணெய்க் கப்பல் எப்போது கிளம்புகிறது என்பது கெய்ரோவுக்குத் தெரியும். சண்டையின் நடுவில், அக்டோபர் 26 அன்று, ப்ராசர்பினா என்ற எண்ணெய்க் கப்பல் டோப்ருக் பக்கத்தில் மூழ்கடிக்கப்பட்டது. இரண்டு நாளில் லூயிசியானோ. ரோம்மலின் டாங்கிகள் தாகத்தில் செத்தன என்றே சொல்லலாம்.

என் மகனுக்குப் பிடித்த பகுதி பொய் பைப்லைன். இதை மட்டும் மூணு தடவை சொல்லச் சொன்னான். மான்ட்கோமரி அடிக்கப் போவது வடக்கே. ஆனால் தெற்கேதான் அடி விழும் என்று எதிரி நம்பணும். அதனால் பாலைவனத்தில் தெற்கு நோக்கித் தண்ணீர்க் குழாய் போடுகிற மாதிரி ஒரு நாடகம். பள்ளம் தோண்டுவார்கள்; காலி பெட்ரோல் டின்களை வரிசையாகக் குழாய் மாதிரி பக்கத்தில் அடுக்குவார்கள்; ராத்திரி பள்ளத்தை மூடிவிட்டு அதே டின்களை எடுத்துக்கொண்டு போய் அடுத்த துண்டுக்கு வைப்பார்கள். மேலே பறந்து படம் எடுக்கும் ஜெர்மன் விமானத்துக்கு, குழாய் மெதுவாக நீள்கிற மாதிரி தெரியும். அந்த வேகத்தைக் கணக்குப் போட்டால் நவம்பரில்தான் முடியும். அடி விழுந்தது அக்டோபரில்.

வடக்கே நிஜ டாங்கிகளுக்கு மேலே லாரி மாதிரி கான்வாஸ் கூடு போட்டு மூடினார்கள். அந்த டாங்கிகள் முன்பு நின்ற இடத்தில் பொம்மை டாங்கிகள் நின்றன. இந்த வேலைக்குத் தலைவர் ஜெஃப்ரி பார்க்காஸ், ஒரு சினிமா டைரக்டர். ஓவியர்கள், ஒரு விலங்கியலாளர் எல்லாம் அவர் குழுவில். பட்டாளத்தில் ஆர்ட்ஸ் படிச்சவனுக்கு என்ன வேலைன்னு கேட்கிற அப்பாக்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

இப்போது கண்ணிவெடிக்கு வருகிறேன். இந்தப் பகுதியை எழுதும்போது விளையாட்டாக இருக்க முடியவில்லை. ரோம்மல் தன் கோட்டுக்கு முன்னால் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான கண்ணிவெடிகளைப் புதைத்திருந்தார். "சாத்தானின் தோட்டங்கள்" என்று அவர்களே பேர் வைத்தார்கள். சில இடங்களில் எட்டு கிலோமீட்டர் ஆழத்துக்கு அடுக்கடுக்காக. பெரும்பாலும் டாங்கிக்கான வெடி, மனிதன் மிதித்தால் வெடிக்காது. அதனால்தான் முதல் தாக்குதலுக்கு "லைட்ஃபுட்", அதாவது லேசான காலடி, என்று பேர். காலாட்படை முன்னால் ஓடணும். பின்னாலேயே சாப்பர்கள் வந்து டாங்கிகளுக்குப் பாதை திறக்கணும். வெள்ளை நாடாவும் விளக்கும் வைத்து எல்லை குறித்த குறுகிய சந்துகள். இருட்டில், குண்டு மழையில், தரையைத் தடவிக்கொண்டு.

போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த மின்னணுக் கண்ணிவெடி காட்டி அப்போதுதான் வந்திருந்தது. சுமார் 500 கருவிகள் அலமைனுக்கு வந்தன. கையால் குத்திப் பார்ப்பதைவிட இரண்டு மடங்கு வேகம். அவர் அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை, வடிவத்தைப் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். கிடைத்தது அரசரிடமிருந்து ஒரு நன்றிக் கடிதம். கருவி எட்டாத இடத்தில் பழைய முறைதான்: மண்டியிட்டு, துப்பாக்கிமுனைக் கத்தியால் மணலை மெதுவாகக் குத்திக் குத்தி.

வன்னியிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை. மண்டியிட்டு மணலைத் துழாவும் மனிதர்களை அவர்கள் வீட்டு வாசலிலேயே பார்த்தவர்கள்.

1942 அக்டோபர் 23, இரவு 9.40. முழு நிலா. ஏறக்குறைய 900 பீரங்கிகள் ஒரே நேரத்தில் முழங்கின. பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 1,95,000 பேர், 1,000-க்கும் மேற்பட்ட டாங்கிகள். எதிரே ஜெர்மானியரும் இத்தாலியருமாகச் சுமார் 1,10,000 பேர், டாங்கிகள் பாதிதான். ரோம்மல் அங்கே இல்லை! உடம்பு சரியில்லாமல் ஆஸ்திரியாவில் ஓய்வில் இருந்தார். நாம லீவு போட்ட அன்றைக்குத்தான் சர்வர் விழும் என்பது எங்கள் தொழிலில் பழைய விதி. அவருக்குப் பதிலாக இருந்த ஜெனரல் ஷ்டும்மெ மறுநாள் முன்வரிசையைப் பார்க்கப் போனார். சுடப்பட்ட பதற்றத்தில் மாரடைப்பு வந்து இறந்தார். 25-ஆம் தேதி சாயங்காலம் ரோம்மல் திரும்பி வந்தார், ஆனால் டாங்கிகளில் ஊற்ற எண்ணெய் இல்லை.

இருந்தும் சுலபமாக முடியவில்லை. பன்னிரண்டு நாள் ஆச்சு. வடக்கே ஆஸ்திரேலியர்கள் கடலோரமாக அடித்து அடித்து ஜெர்மானியரைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். நவம்பர் 2 விடியற்காலையில் 9-வது கவச பிரிகேட், அதாவது டாங்கிப் படை, எதிரியின் பீரங்கி வரிசை மேலே நேராகப் போனது. முழு பிரிகேடும் அழிந்தாலும் பரவாயில்லை என்று மான்ட்கோமரி முன்பே சொல்லியிருந்தார். 94 டாங்கிகளில் 70 போச்சு. பின்னால் விடியும் வானம், அதற்கு எதிராகக் கறுப்பாகத் தெரிந்த டாங்கிகள், எதிரே காத்திருந்த பீரங்கிகள். நான் இதை மகனுக்குச் சொன்னபோது, "அவங்களுக்கு அந்த உத்தரவு தெரியுமா?" என்று கேட்டான். தளபதிகளுக்குத் தெரியும் என்றேன். "உள்ளே இருந்தவங்களுக்கு?" நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஹிட்லரிடமிருந்து உத்தரவு வந்தது: ஒரு அடி பின்வாங்கக் கூடாது, வெற்றி அல்லது மரணம். ரோம்மல் ஒரு நாள் தயங்கினார். அந்த ராத்திரி, நவம்பர் 3-4, 4-வது இந்திய டிவிஷனின் 5-வது பிரிகேட் பீரங்கி முழக்கத்தின் பின்னாலேயே நடந்து போய் எதிரிக் கோட்டின் கடைசிப் பகுதியை உடைத்தது. விடிந்ததும் டாங்கிகள் அந்த வழியாக வெளியே பாய்ந்தன. ரோம்மல் ஓடினார். லாரிகளை ஜெர்மானியர் எடுத்துக்கொண்டு போக, தெற்கே இருந்த இத்தாலியக் காலாட்படை தண்ணீர் இல்லாமல் பாலைவனத்தில் கைவிடப்பட்டது. பிடிபட்ட சுமார் 30,000 பேரில் பெரும்பாலோர் அவர்கள்தான். பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் 13,500 பேர். 1940 முதல் ஊமையாக இருந்த இங்கிலாந்தின் தேவாலய மணிகள் நவம்பர் 15 அன்று வெற்றிக்காக அடித்தன. வழி திறந்த இந்திய டிவிஷனுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? போர்க்களத்தைத் துப்புரவு செய்து, மிச்சம் மீதியைப் பொறுக்குவது.

சரி, நம்ம ஆட்கள். அந்த 4-வது இந்திய டிவிஷனோடு மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகள் வட ஆப்பிரிக்காவில் இருந்தன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பட்டாளம்; சென்னை மாகாணம் முழுக்க ஆள் எடுத்தார்கள், தமிழர் நிறைய. ராணுவத்தில் இன்றும் அவர்களுக்குச் செல்லப்பேர் "தம்பி". பாலம் கட்டுவது, ரோடு போடுவது, தண்ணீர் ஏற்பாடு, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. அந்தப் பட்டாளத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர், பிறகு அதே டிவிஷனோடு இத்தாலி போனார். 1944 பிப்ரவரி 24, மிக்னானோ அருகே கண்ணிவெடிப் பாதையில் ஒரு வெடி கிளம்பும் நேரத்தில், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்தார். ஜார்ஜ் கிராஸ் விருது இறந்த பிறகு வந்தது. இந்தப் பேரை நான் முப்பத்தேழு வயதில்தான் முதல் தடவை கேட்கிறேன்.

ஆனா இதை மட்டும் சொல்லி நெஞ்சை நிமிர்த்தினால் பாதிக் கதைதான். அதே 1942 ஆகஸ்டில் இந்தியாவில் வெள்ளையனே வெளியேறு. காந்தி, நேரு எல்லாரும் உள்ளே. அடுத்த வருஷம் வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். போர் முடிவதற்குள் இந்திய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் 25 லட்சம், யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். சம்பளமும் சோறும் கட்டாயப்படுத்தியதை யார் எழுதுவது? வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களில் ஒரு பகுதியினர் ஜெர்மனியில் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த படையில் சேர்ந்தார்கள். ஆக "நாம" இரண்டு பக்கமும் இருந்தோம்.

அப்போ இரண்டு பக்கமும் ஒண்ணுதானா? இல்லை. பிள்ளையிடம் இந்த இடத்தில் நான் குரலை மாற்றிக்கொண்டேன். 1942 கோடையில் வால்டர் ரௌஃப் என்ற எஸ்.எஸ். அதிகாரியின் கீழ் ஒரு சிறு குழு ஏதென்ஸில் தயாராக இருந்தது. ரோம்மல் எகிப்தைத் தாண்டினால் பின்னாலேயே போய் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் இருந்த யூதர்களைக் கொல்வது அதன் நோக்கம். அலமைனில் வழி அடைபட்டதால் அது நடக்கவில்லை. ரோம்மல் கைதிகளைக் கண்ணியமாக நடத்தியிருக்கலாம். 1951-லேயே ஹாலிவுட் அவரைக் கதாநாயகனாக்கி "பாலைவன நரி" என்று படம் எடுத்துவிட்டது. ஆனால் அவர் யாருக்குக் கதவைத் திறந்துவிடப் போய்க்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லாமல் அந்த டாங்கியை அலமாரியில் வைக்க எனக்கு மனசில்லை.

இன்னொரு பக்கத்தையும் யாரும் கேட்பதில்லை: எகிப்து. சண்டை அவர்களுடையது இல்லை, மண் மட்டும் அவர்களுடையது. மேற்குப் பாலைவனத்தில் இன்னும் சுமார் 1.7 கோடி கண்ணிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் கிடக்கின்றன என்பது எகிப்து அரசு பல வருஷமாகச் சொல்லிவரும் கணக்கு. ஆடு மேய்க்கும் பெதுயின் பிள்ளைகள் கை கால் இழந்தார்கள்.

அலமைனில் இன்று மூன்று நினைவிடங்கள். ஜெர்மானியருக்கு எண்கோணக் கோட்டை. இத்தாலியருக்கு வெள்ளைக் கோபுரம். அதை வடிவமைத்த பாவ்லோ காச்சா டொமினியோனி அங்கேயே சண்டை போட்ட பொறியாளர், போருக்குப் பிறகு பல வருஷம் அதே மணலில் எல்லா நாட்டு எலும்புகளையும் தேடித் திரட்டியவர். காமன்வெல்த் கல்லறையில் 7,240 பேர். அதன் ஒரு மூலையில், அதிகம் பேர் கவனிக்காத ஒரு தகன நினைவுச் சின்னம் இருக்கிறது. எகிப்திலும் லிபியாவிலும் இறந்து, தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட 600-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில்.

நீங்கள் எகிப்து போக வேண்டும் என்றில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ரெஜிமெண்ட் என்ற இடத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று ஆங்கிலத்தில் போட்டு, நாடு எகிப்து என்று கொடுங்கள். பல பதிவுகளில் அப்பா பேர், மனைவி பேர், ஊர் எல்லாம் இருக்கும். பேர்களின் எழுத்துக்கூட்டல் கன்னாபின்னான்னு இருக்கும், பொறுமை வேணும்.

நவம்பர் முதல் வாரம் பாப்பி குத்திக்கொண்டு வந்தவன் என் லேப்டாப்பில் இதைத் தேடினான். ஒரு சாப்பரின் பதிவில் நின்றான். வயது இருபத்திரண்டு. ஊர் பேரை ஆங்கிலத்தில் எப்படியோ கடித்துத் துப்பியிருந்தார்கள். தாத்தாவுக்குப் போன் போட்டு அதை உரக்கப் படித்தான். முதல் தடவை தாத்தாவுக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூணாவது தடவை அவனே எழுத்துக் கூட்டி நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"அட, அதுவா!" என்றார் அப்பா. "நம்ம ஊருக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடிடா கண்ணா. பஸ்ஸுல போகும்போது அங்கதான் நுங்கு வாங்குவோம்."